சவுக்குத் தோப்பில் ஒரு கிரவுண்டு

இராயபுரம்,
8-8-1954

சேசு மரி சூசை துணை.

ஆக்னேசின் அப்பாவுக்கு ஞானம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். பழவேற்காட்டில் நம் மகளும் மருமகனும் சுகம். நீங்களும் உங்கள் தூர் வாரும் கப்பலும் சுகந்தானே? ஆறு வருஷமாக விசாகப்பட்டினம் துறைமுகத்தில் மண் அள்ளுகிறீர்கள். நீங்கள் பகலெல்லாம் அள்ளுவதைக் கடல் மறுபடி கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறதாமே, உங்கள் கப்பலில் வேலை செய்யும் உசேன் லீவில் வந்தபோது சொன்னான். அந்த வேலை முடிந்து நீங்கள் வருவதற்குள் எனக்குப் பல்லெல்லாம் விழுந்துவிடும். பிறகு யாரோ ஒரு கிழவி என்று என்னைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

முதலில் "என் வீட்டுக்காரருக்கு" என்றுதான் எழுதினேன். பிறகு வீடே இல்லாத மனுஷரை எப்படி வீட்டுக்காரர் என்பது என்று அடித்துவிட்டேன். இங்கே ஏழு குடித்தனத்துக்கு ஒரே குழாய். நேற்று அதற்கு நடந்த சண்டையில் என் குடம் நசுங்கிவிட்டது. எதிராளியின் குடம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாவைத் தெரியுமல்லவா, திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி. போன வாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யக்கா, எங்க குப்பத்துக்குப் பின்னால சவுக்குத் தோப்ப வெட்டிக்கினு கீறாங்க. மனை போட்டு விக்கப் போறாங்களாம். நீ ஒரு கிரவுண்டு வாங்கிப் போடேன். எத்தினி நாளைக்கு இந்தக் குழாயடில மாரடிப்ப?" என்றாள். மறுநாளே கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிவிட்டேன்.

நல்ல வெள்ளை மணல். அடிமரங்கள் மட்டும் நிற்கின்றன. தோப்புக்காரர் பெயர் சுப்புராயன். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, ஆம்பள யாரும் வரலியா?" என்றார். "ஆம்பள கடலத் தோண்டிக்கினு கீறாரு. தரைய நான் பாத்துக்கறேன்" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்த மனுஷர் விலையில் கொஞ்சம் இறங்கித்தானே ஆகவேண்டும்?

முன்பணம் கொடுத்துவிட்டேன். இருங்கள், எழுந்துவிடாதீர்கள். பக்கத்துப் போர்ஷன் ரசூல் பீவி நடத்தும் குலுக்கல் சீட்டில் இந்த மாதம் அவள் பெயரே விழுந்தது. "எம் பொண்ணு ஜன்னத் கல்யாணத்துக்கு இன்னும் நாளு கீது, நீ எடுத்துக்க ஞானம், மண்ணு காத்துக்கினு இருக்காது" என்று தூக்கிக் கொடுத்துவிட்டாள். மீதியைக் கிறிஸ்துமசுக்கு முன் கட்டிப் பத்திரம் பதிய வேண்டும். தவறினால் முன்பணம் சுப்புராயனுக்கே. உங்கள் சேமநிதியில் கடன் கேட்டு எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வருங்கால வீட்டுக்காரி,
ஞானம்


விசாகப்பட்டினம்,
19-8-1954

அன்புள்ள ஞானத்துக்கு அம்புரோஸ் எழுதுவது.

நின்றுகொண்டுதான் படித்தேன். இனி என்னைக் கேட்காமல் பணம் கொடுக்காதே.

கடல் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர்த் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. என் அப்பா பிறந்த வீடு எங்கே என்று கேட்டால் அலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். நீயும் பார்த்திருக்கிறாய்.

சரி, முன்பணம் போய்விட்டது. மனை என்றால் முதலில் தண்ணீர். தண்ணீர் நன்றாக இருந்தால்தான் சேமநிதிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சுப்புராயனிடம் உத்தரவு வாங்கி உறைக் கிணறு இறக்கிப் பார். மேலே வரும் தண்ணீரை நம்பாதே. அது மழைத் தண்ணீர், கோடையில் வற்றிவிடும். இருபது அடி இறக்கு. இருபது வருஷமாக ஆழம் பார்க்கிறவன் சொல்கிறேன். குறைந்தால் ஒத்துக்கொள்ளாதே.

மழையில் நனையாதே. குழாயடியில் சண்டை போடாதே. போட்டாலும் குடத்தைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போடு.

அம்புரோஸ்


இராயபுரம்,
12-9-1954

ஆக்னேசின் அப்பாவுக்கு,

உங்கள் உத்தரவுப்படி எல்லாம் நடந்தது. அதனால்தான் எழுத இத்தனை நாள் ஆனது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கிணறு வெட்டலாமா என்று கேட்டதும் சுப்புராயன், "தாராளமா வெட்டிக்க. நீ வாங்கலன்னா கெணத்தோட வேற ஆளுக்கு வித்துட்டுப் போறேன்" என்றார். உறை வாங்கத்தான் காசு இல்லை. என் கல் தோட்டைச் சேட்டுக் கடையில் வைத்தேன். காது ரொம்ப லேசாக இருக்கிறது, காற்றடித்தால் பறந்துவிடுவேன் போலிருக்கிறது.

கிணறு வெட்டுகிற வேதமாணிக்கம் நம் கோயில்காரர்தான். எட்டடியில் ஊற்று வந்தது. கையில் ஏந்திக் குடித்தேன். என்னத்தைச் சொல்வது, இளநீர் தோற்றது. வேதமாணிக்கம், "நிறுத்திடுவோம்மா. இதுக்கு மேல போனா பேஜாரு" என்றார்.

நான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். "இருபது அடின்னு எழுதிக் கீறாரே."

"அவுரு இன்னா கெணறு வெட்றவரா?"

"கடலையே வெட்றவரு."

"அதான் கடலு வரிக்கும் போவச் சொல்றாரு" என்றார்.

நானும் விடவில்லை. என் புருஷர் சொல் எனக்குப் பெரிது என்று பத்தினி மாதிரி நின்றேன். நின்றிருக்க வேண்டாம். பதினாறாவது அடியில் வேதமாணிக்கம் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். துப்பினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். உப்பென்றால் சும்மா உப்பில்லை, ஊறுகாய் போடலாம். மேலே இருந்த நல்ல தண்ணீரும் அதோடு கலந்து கெட்டுவிட்டது.

அன்றைக்குப் பார்த்துக் கன்னியம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "குப்பத்துல யாராவது எட்டடிக்கு மேல தோண்டுவாங்களா யக்கா? எந்தப் பாவி சொன்னான் ஒனக்கு?"

எந்தப் பாவி என்று நான் சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். அதற்காகவாவது நல்ல வார்த்தையாக நாலு எழுதுங்கள்.

ஞானம்


விசாகப்பட்டினம்,
22-9-1954

அன்புள்ள ஞானத்துக்கு,

மனையை விட்டுவிடு. முன்பணம் போனால் போகட்டும், ரசூல் பீவியின் சீட்டை மாதா மாதம் நான் கட்டிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு நிற்காது, இரண்டு மழையில் பூத்துக் கொட்டிவிடும். நீ குடிக்கவும் முடியாது. ஊருக்கெல்லாம் வீடு தெரியும், உனக்கு மட்டும் தாகம் தெரியும்.

வரதனைப் பார். முன்பு என்னோடு வேலை செய்தவன். ரயில் பாதைக்கு மேற்கே, கால்வாய்ப் பக்கம் மனை இருக்கிறதென்று எழுதியிருந்தான். கடலிலிருந்து தூரம்.

தோட்டை நான் மீட்டுத் தருகிறேன். அழாதே. நீ அழ மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்புரோஸ்


இராயபுரம்,
10-10-1954

ஆக்னேசின் அப்பாவுக்கு,

உங்கள் வரதன் அண்ணன் காட்டிய மனையைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு தரம் குளித்தேன். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கால்வாய். நடுவில் நின்றுகொண்டு, "காத்து நல்லா வர்து பாத்தியாம்மா?" என்கிறார். வந்தது. காற்றோடு கூட வந்ததைத்தான் கடிதத்தில் எழுத முடியாது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. பால் ஊற்றினால் அப்படியே குடிக்கலாம். கடல் வந்து தின்னாது என்றார். அந்த மண்ணைத் தின்னக் கடலுக்கு என்ன தலையெழுத்தா?

இப்போது கன்னியம்மா சொன்னதைக் கேளுங்கள். "பாலு மேல ஏடு மாதிரி யக்கா. மழத் தண்ணி மேல மெதக்குது, உப்பு அடியில கீது. நீ கரண்டிய அடி வரிக்கும் வுட்டுக் கலக்கிட்ட. திரும்ப எட்டடி மட்டும் மணலால தூத்துடு. சும்மா வுடு. ஒரு அடமழ புடிச்சா மறுபடி ஏடு கட்டும்."

கடல் கரையைத் தின்கிறதே என்று உங்கள் பயத்தையும் அவளிடம் சொன்னேன். "தின்னா மொதல்ல எங்க குப்பத்தத்தான் தின்னும். எங்களக் கேட்டுட்டு, அப்புறம் ரோட்டக் கேட்டுட்டுத்தான் ஒன்னாண்ட வரும். நாங்களே இங்கதான் கீறோம், ஒனக்கு இன்னா வந்துச்சு?" என்றாள். இதற்கு உங்களுக்குப் பதில் வந்தால் எழுதி அனுப்புங்கள், படித்துக் காட்டுகிறேன்.

தூர்த்துவிட்டோம். நானும் குப்பத்துப் பெண்கள் நாலு பேரும் கூடையில் மணல் சுமந்து கொட்டினோம். அங்கே புருஷர் வாருகிறார், இங்கே பெண்சாதி கொட்டுகிறாள் என்று ஒரே சிரிப்பு. முதுகுதான் ஒடிந்துவிட்டது.

மழை வரட்டும். அதுவரை விட்டுவிடு என்று எழுதாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன். அங்கே நிற்கும்போது எனக்கு நம் இடம் என்று தோன்றுகிறது. வரதன் அண்ணன் மனையில் மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

ஞானம்


இராயபுரம்,
28-11-1954

ஆக்னேசின் அப்பாவுக்கு,

இனித்துவிட்டது!

மூன்று வாரமாக இங்கே பிடித்த மழையை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். நம் போர்ஷன் கூரை ஒழுகி, நான் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்தேன். ஊரெல்லாம் மழையைத் திட்டியது. நான் மட்டும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு இன்னும் பெய், இன்னும் பெய் என்றேன். பாவமன்னிப்பில் சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.

நேற்றுப் போய் இறைத்துப் பார்த்தோம். கன்னியம்மா குடித்தாள், வேதமாணிக்கம் குடித்தார். சுப்புராயன் ஒரு சொம்பு முழுவதும் குடித்துவிட்டு, "விலைய ஏத்தியிருக்கலாம் போலக் கீதே" என்றார். கன்னியம்மா வீட்டு அடுப்பில் துவரம்பருப்புப் போட்டுப் பார்த்தேன். பூவாக வெந்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று உங்களுக்கும் தெரியும்.

என் பேச்சை நம்ப மாட்டீர்கள் என்பதால் இங்கே வந்திருக்கும் உசேன் கையில் ஒரு சீசா தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். மருந்துக் கடையில் வாங்கிய புதுச் சீசா. வாயில் மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறேன். பாதியைக் குடியுங்கள், பாதியில் பருப்பு வேகவையுங்கள். கப்பலில் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எல்லாரும் பக்கத்து மனை கேட்டு வந்துவிடுவார்கள்.

சுப்புராயன் டிசம்பர் 24-ஆம் தேதிக்கு மேல் பொறுக்க மாட்டார். ஒரு மில் குமாஸ்தா தினமும் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞானம்


விசாகப்பட்டினம்,
8-12-1954

அன்புள்ள ஞானத்துக்கு,

உசேன் வந்தான். சீசா உடையாமல் வந்தது. குடித்தேன். நல்ல தண்ணீர். பருப்பும் வெந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இது இராயபுரம் குழாயில் பிடித்த புழல் ஏரித் தண்ணீர் இல்லையே? உசேன் சத்தியம் செய்கிறான். ஆனால் அவன் நீ கொடுத்ததை வாங்கிவந்தவன்தானே.

ஆக்னேசு பிறந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். ஆண் பிள்ளை, மீசையோடு பிறந்திருக்கிறான் என்று எழுதினாய். நான் மீசையைத்தான் நம்பவில்லை, பிள்ளையை நம்பினேன். கப்பல் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்து தொட்டிலைப் பார்த்தபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது சின்ன வயசு. நானும் சிரித்தேன். இப்போது இருப்பது ஒரு சேமநிதிதான். கிணறு உப்பாக இருந்தால் அதற்குப் பிறகு நமக்கு வேறு வழி இல்லை.

விளையாட்டாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. திட்ட மாட்டேன்.

அம்புரோஸ்


இராயபுரம்,
14-12-1954

ஆக்னேசின் அப்பாவுக்கு,

தண்ணீர் திருவொற்றியூர்த் தண்ணீர்.

சுப்புராயனுக்கு என்ன சொல்வது என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஞானம்


விசாகப்பட்டினம்,
17-12-1954

அன்புள்ள ஞானத்துக்கு,

இன்று பன்னிரண்டு மணிக்கு உன் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினேன். ஒன்றும் இல்லை. உறைக்குள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். உசேனைக் கூப்பிட்டு, ஞானத்துக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு எழுதித் தொலைச்ச நீ?" என்றான். அவனுக்கு என் வயசில் பாதி.

கல்யாணமான நாள் முதல் உன் கடிதம் எது வந்தாலும் ஒரு இடத்திலாவது சிரித்திருக்கிறேன். இதில் சிரிக்க இடம் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு காரியம் உன்னிடம் சொல்லவில்லை. சேமநிதிக் கடனுக்கு அக்டோபரிலேயே எழுதிப் போட்டேன். நீ மணல் சுமந்தேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த மறுநாள். பணம் போன மாதமே வந்துவிட்டது. என் பெட்டியில்தான் இருந்தது. தினமும் திறந்து பார்ப்பேன், மூடிவிடுவேன். இவ்வளவு பணத்தை நான் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. போனால் திரும்ப வராதே என்ற பயம். பயத்தை உன் தலையில் கட்டிவிட்டேன்.

இருபது அடி என்று சொன்னதும் நான்தான். எங்கள் வேலையில் ஒரு அடி அதிகமாக இறங்கினால் துரை தட்டிக்கொடுப்பான். நிலத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கன்னியம்மாவிடம் அந்தப் பாவி யார் என்று சொல்லிவிடு.

தந்தி மணியார்டரில் பணம் போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் வரும் நாளில் அதுவும் வந்துவிடும். வாங்கும்போது ரசூல் பீவியைத் துணைக்கு வைத்துக்கொள். பத்திரம் உன் பேரில் மட்டும் எழுதச் சொல். நான் இந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் தரை உன்னுடையது.

இனிமேல் இப்படிக் கடிதம் எழுதாதே. திட்டி எழுது.

அம்புரோஸ்


இராயபுரம்,
27-12-1954

சேசு மரி சூசை துணை.

என் மீசைக்காரருக்கு ஞானம் எழுதிக்கொள்வது.

திட்டச் சொன்னீர்கள். இரண்டு நாள் யோசித்தேன், ஒரு வசவும் வரவில்லை. தபால்காரர் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தபோது ரசூல் பீவி, "அம்புரோஸ் அண்ணனுக்கு இம்மாந் தைரியம் எங்க இருந்துடி வந்துச்சு?" என்றாள். அவர் தைரியம் வந்து அனுப்பவில்லை, பயந்துபோய் அனுப்பினார் என்றேன். சிரித்துச் சிரித்து, பணத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாகிவிட்டது.

23-ஆம் தேதி பதிவு. ரசூல் பீவியும் கன்னியம்மாவும் கூட வந்தார்கள். மில் குமாஸ்தாவும் எதற்கோ வந்து தூணில் சாய்ந்து நின்றார். சாட்சிக்குக் கன்னியம்மாவின் புருஷன் திருமலை. மீன் பிடிக்கப் போகாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தான். கன்னியம்மா, "எனக்குத் தாலி கட்டும்போது கூட இப்பிடி வர்ல" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுத்தர் என்னைப் பார்த்து மைப்பெட்டியைத் தள்ளினார், கட்டைவிரலை வை என்று. "எனக்கு எழுத வரும்யா" என்றேன். மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். பின்னால் காத்திருந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அலுத்துக்கொள்ளட்டும். என் பெயரை நான் இவ்வளவு மெதுவாக எழுதி என்றைக்குப் பார்த்தேன்?

அங்கிருந்து நேரே தோப்புக்குப் போனோம். அடிமரங்களையெல்லாம் பெயர்த்துவிட்டார்கள். வெறும் மணல். சமையலறை எங்கே, படுக்கிற அறை எங்கே என்று குச்சியால் கோடு போட்டேன். கன்னியம்மா படுக்கிற அறைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். "எந்திரிடி, அவரு வந்தா கூச்சப்படுவாரு" என்றேன். "அவுரா? கெணத்தத் தோண்டினவரா? வரட்டும், வரட்டும்" என்றாள். ஆமாம், சொல்லிவிட்டேன். குப்பம் முழுவதும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பொங்கலுக்கு லீவு போடுங்கள். அஸ்திவாரம் தோண்ட ஆள் பேச வேண்டும். தோண்டுவதற்கு நம்மிடமே ஒரு ஆள் இருக்கிறார் என்று வேதமாணிக்கத்திடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அவுரு வரதுக்குள்ள நானே முடிச்சுடறேன்மா" என்றார்.

பத்திரம் என் பெயரில் மட்டும் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. அம்புரோஸ் என்று உங்கள் பெயரை முதலில் எழுதச் சொல்லி, அதற்குக் கீழேதான் என் பெயரைப் போடச் சொன்னேன்.

இல்லை, பொய். என் பெயர் மட்டுந்தான் இருக்கிறது.

எது நிஜம் என்று வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

ஞானம்